எம்பைசிமா: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவரின் சீட்டில் ‘சி.ஓ.பி.டி., எம்பைசிமா’ என்று எழுதியிருக்கும். சி.ஓ.பி.டி. என்றால் நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய், எம்பைசிமா அதில் ஒரு வகை. வீட்டில் யாருக்கும் புரியாது, மருந்துக் கடையில் கேட்டால் ‘ஆஸ்துமா மாதிரிதான்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்து வீடுகளில் அதற்கப்புறம் கிளம்பும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலதுக்குப் பதில் நீளம், சிலதுக்கு ஒரு வரி போதும்.

எம்பைசிமா என்றால் என்னதான்?

நாம் இழுக்கும் காற்று பெரிய மூச்சுக்குழாயில் நுழைந்து, இரண்டு கிளையாகி, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகி, இப்படி இருபது தடவைக்கு மேல் பிரிந்து கடைசியில் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளில் போய் முடிகிறது. ஒரு பை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்குக் குறையாமல் இருக்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி வரும். நல்ல இரண்டு படுக்கையறை வீடு. அந்தச் சுவரில்தான் மெல்லிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன, ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவதும் கரியமில வாயு வெளியே வருவதும் அங்கேதான்.

எம்பைசிமாவில் இந்தச் சுவர்கள் அழிந்துபோகின்றன. பக்கத்துப் பக்கத்துப் பைகள் ஒன்றாகி பெரிய பொந்துகளாகின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பத்து வயலுக்கு நடுவே இருந்த வரப்பையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு ஒரே வயலாக்கியது போல. நிலம் ஒரு குழிகூடக் குறையவில்லை, வரப்பு மட்டும் போய்விட்டது. நுரையீரலில் வேலை நடப்பது வயலில் இல்லை, வரப்பில். அதனால்தான் எம்பைசிமா முற்றிய நுரையீரல் எக்ஸ்ரேயில் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும், ஆனால் வேலை செய்யாது.

ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், இறந்தவர்களின் நுரையீரலைக் காற்றடைத்துக் காயவைத்து அறுத்துப் பார்த்து, 1819-லேயே இந்தப் பொந்துகளை விவரித்து எழுதிவிட்டார். ஆக இது ஒன்றும் இந்தக் காலத்து வியாதி இல்லை.

சுவரை அழிப்பது எது? புகை நேராகப் போய் அரித்துவிடுமா?

புகை நேராக அரிப்பதைவிட, புகையைப் பார்த்து மிரண்டுபோன நம் உடம்பு அரிப்பதுதான் அதிகம்.

காற்றுப்பைக்குள் காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் புகைத்துகளை விழுங்குகின்றன, பிறகு ரத்தத்திலிருந்து இன்னும் ஆள் சேர்க்கின்றன. அப்படி வருகிற நியூட்ரோஃபில் என்ற அணுக்களிடம் எலாஸ்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கிருமியைச் சிதைப்பதற்கு உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் அது. காற்றுப்பைச் சுவர் விரிந்து சுருங்கக் காரணமான எலாஸ்டின் நாரையும் அதே நொதி தின்றுவிடும். தின்னாமல் தடுக்க ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. புகை இங்கேதான் இரட்டை வேலை செய்கிறது: நொதியைக் கூட்டுகிறது, தடுக்கிற புரதத்தையும் செயலிழக்க வைக்கிறது. இருபது, முப்பது வருடம் இது தினமும் நடந்தால் சுவர் என்னவாகும்? பெரியவர்களான பிறகு அந்த நாரை உடம்பு பழையபடி நெய்து கொடுப்பதும் இல்லை.

1963-ல் சுவீடனில் லாரல், எரிக்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களைக் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு சின்ன வயதிலேயே எம்பைசிமா இருந்தது. நொதிக்கும் தடுப்புக்கும் நடுவே உள்ள சமநிலை கெடுவதுதான் நோய் என்ற புரிதல் அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் நாட்டில் இந்தப் பிறவிக் குறை அரிது. ஆனாலும் 45 வயதுக்கு முன்பே ஒருவருக்கு எம்பைசிமா வந்து, அவர் புகைத்ததும் இல்லை என்றால், டாக்டர் அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்பார்.

அப்பா ‘மூச்சை இழுக்க முடியலை’ என்கிறார். டாக்டரோ ‘மூச்சை வெளியே விடுவதுதான் பிரச்சினை’ என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் சரி. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்ற எல்லாமே இதிலிருந்துதான் புரியும்.

மூச்சை இழுப்பதற்குத்தான் தசை வேலை செய்ய வேண்டும். சும்மா இருக்கும்போது மூச்சை விடுவதற்குத் தனி முயற்சி தேவையில்லை, விரிந்த நுரையீரல் தன் எலாஸ்டின் நாரின் இழுவிசையால் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும். எம்பைசிமாவில் அந்த நார் போய்விட்டது, ஆகவே சுருங்குகிற சக்தி இல்லை. கூடவே இன்னொரு கோளாறு. குருத்தெலும்பு இல்லாத சின்ன மூச்சுக்குழாய்களைச் சுற்றிலும் நின்று இழுத்துப் பிடித்து, மூடிக்கொள்ளாமல் திறந்து வைத்திருப்பதும் இதே காற்றுப்பைச் சுவர்கள்தான். சுவர் போனதும் பிடிமானம் போகிறது, மூச்சை விடும்போது குழாய் ஒட்டிக்கொள்கிறது, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

எவ்வளவுதான் மூச்சை விட்டாலும் எல்லாருடைய நெஞ்சிலும் ஒன்று, ஒன்றேகால் லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். எம்பைசிமா முற்றியவருக்கு அது இரண்டு மடங்குக்கு மேலும் போகும். பழைய காற்று அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது புதுக் காற்று எங்கே நுழையும்? அதைத்தான் அப்பா ‘இழுக்க முடியலை’ என்கிறார்.

இப்படிக் காற்று தேங்கித் தேங்கி நெஞ்சு பீப்பாய் மாதிரி உருண்டுவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடும். தட்டையான தசையால் இன்னும் எவ்வளவு இறங்கி இழுக்க முடியும்? அதனால் கழுத்துத் தசையும் தோள்பட்டையும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. நாற்பது ஐம்பது அடி நடந்து வந்த பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, உதட்டைக் குவித்து ‘ஃபூ’ என்று மெதுவாக விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்து விட்டால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய் மூடாமல் இருக்கும் என்பதை உடம்பே கண்டுபிடித்திருக்கிறது.

நடக்கும்போது மட்டும் அதிகம் இரைப்பதற்கும் இதுதான் காரணம். வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கும்போது முழுக்க வெளியேற்ற நேரம் கிடைப்பதில்லை, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கிக்கொண்டே போகும். குனிந்து செருப்பு மாட்டுவது, கையைத் தூக்கித் தலை சீவுவது, வயிறு முட்டச் சாப்பிடுவது எல்லாமே அவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

பீடி சின்னதுதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லையே?

இதை நம்பித்தான் நம் ஊரில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். பீடியில் புகையிலை ஒரு சிகரெட்டில் இருப்பதில் கால் பங்குதான் இருக்கும், உண்மை. ஆனால் சுற்றியிருக்கும் இலையில் காற்று ஊடுருவாது. அடிக்கடி, ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் உள்ளே போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவில்லை, பல அளவீடுகளில் அதிகம். நாற்று பறிக்கிற இடத்திலும் டீக்கடை பெஞ்சிலும் ஒரு கட்டு தீர்ந்துபோவது கணக்கிலேயே வராது.

புகைக்கும் எல்லாருக்கும் எம்பைசிமா வருவதில்லை. ‘எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தத் தாத்தா தப்பித்தார், அவ்வளவுதான். நீங்கள் தப்பிக்கிற ரகமா என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது.

என் மாமியார் பீடியைக் கையால்கூடத் தொட்டதில்லை. அவருக்கு ஏன்?

அடுப்பைப் பாருங்கள். பணக்கார நாடுகளில் சி.ஓ.பி.டி. நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல் புகையிலையால் வந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான். மீதியில் பெரிய பங்கு வீட்டுக்குள் இருக்கும் புகைக்கு.

சீமைக்கருவை விறகு, தென்னை மட்டை, எள்ளுமார், வறட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு நனைந்திருக்கும், எரியாது, புகையும். ஊதாங்குழலை எடுத்துக் கங்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஊதுகிறார்கள். ஊதிய பிறகு அடுத்த மூச்சை எங்கே இழுப்பார்கள்? அதே புகைக்குள்தான். பத்து வயதில் அடுப்படிக்குப் போன பெண்ணுக்கு அறுபது வயதில் ஐம்பது வருடப் புகை. சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் போடும் மூட்டமும் அதில் சேரும்.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்து நிறைய வீட்டுக்குச் சிலிண்டர் போய்ச் சேர்ந்தது, நல்ல காரியம். ஆனால் டீ போடவும் விருந்தாளி வந்தால் சமைக்கவும் கேஸ், சோறு வடிக்கவும் குளிக்க வெந்நீர் போடவும் விறகு என்று பல வீட்டில் நடக்கிறது. சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது, வெந்நீர் எதில் போடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் சொல்லிவிடுகிறேன். புகையிலையில் காற்றுப்பைகள் அழிவது அதிகம், அடுப்புப் புகையில் சின்ன மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குவது அதிகம். அதனால் மாமியாரின் சி.டி. ஸ்கேனில் பொந்துகள் குறைவாகத் தெரிந்தாலும் இரைப்பு அதே அளவு இருக்கலாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ‘பெருசா ஒண்ணும் இல்லை’ என்று வீட்டுக்காரர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். சின்ன வயதில் வந்த கடுமையான நெஞ்சுச் சளியும், குணமாகிப்போன பழைய டி.பி.யும்கூடப் பிற்காலத்தில் மூச்சடைப்புக்கு வழிவிடும். அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறேன். நெல் தூசியால் எம்பைசிமா வருமா?

நெல்லைத் தூற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே புருவமெல்லாம் வெள்ளையாகி, தொண்டை கரகரக்கும். குறுவை அறுவடையிலும் சம்பா அறுவடையிலும் வாரக்கணக்கில் அதிலேயே நிற்கிறவர்களுக்கு நாள்பட்ட இருமலும் சளியும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும் வருவது சகஜம், சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சியும் வரும். அரிசி ஆலைகளில் உமி எரிக்கும் அடுப்பு, சாம்பல், தவிட்டுத் தூசி. செங்கல் சூளையும் அப்படித்தான். தூசி மட்டும் காற்றுப்பையைப் பொந்தாக்குவது குறைவு, ஆனால் தூசியும் பீடியும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சேதம் கூடும். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் பெரிய தூசிதான் நிற்கும், நுனிவரை போகிற நுண்தூசி துணியைத் தாண்டிவிடும். என்-95 முகக்கவசம் வேண்டும். வியர்வையில் அதைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்குவது கஷ்டம்தான், தெரியும். தூற்றும் இடத்தில் நிற்கிற நேரத்துக்காவது போடுங்கள், காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி, தூசி உங்களை விட்டு விலகிப் போகிற மாதிரி நில்லுங்கள்.

நாதஸ்வரம் ஊதினால் நுரையீரல் ‘வெடித்து’ எம்பைசிமா வருமாமே?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஊதுகிற அழுத்தத்தால் சுவர் கிழிவதில்லை, நொதி தின்பதால்தான் அழிகிறது என்று மேலே பார்த்தோம். ஊதுவதால் மட்டும் எம்பைசிமா வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. கச்சேரிக்கு நடுவே வெளியே போய்ப் பிடிக்கிற சிகரெட்தான் கணக்கு. ஏற்கெனவே நோய் வந்து, ஸ்கேனில் பெரிய பொந்துகள் இருப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும், தொடர்ந்து வாசிக்கலாமா என்று நெஞ்சக நோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாசியுங்கள்.

இதுவும் ஆஸ்துமாவும் ஒன்றா?

இல்லை. ஆஸ்துமாவில் குழாய் சுருங்கும், மருந்தில் விரியும், நடுவில் பல நாள் சுத்தமாக நன்றாக இருப்பார்கள், பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். எம்பைசிமா நாற்பதுக்கு மேல் மெல்ல ஏறும், ‘நல்ல நாள்’ என்பது கொஞ்சம் குறைவாக இரைக்கும் நாள்தான். சிலருக்கு இரண்டும் இருக்கும்.

இவ்வளவு அழியும்வரை தெரியாமல் எப்படி இருக்கும்?

நுரையீரலில் கையிருப்பு நிறைய. ஒரு கணக்குப் போடுவோம். பலமாக ஊதினால் முதல் ஒரு வினாடியில் வெளியே வரும் காற்று, நல்ல இளவட்டத்துக்கு மூன்றரை லிட்டர் போல இருக்கும். முப்பது வயதுக்கு மேல் எல்லாருக்கும் அது வருடத்துக்கு 25, 30 மில்லி குறையும், வயதின் வரி அது. புகை பாதிக்கிற ரகமானவருக்கு 60 மில்லி வரை குறையும். முப்பது வருடம் கழித்து முதலாமவரிடம் 2.6 லிட்டர் இருக்கும், இரண்டாமவரிடம் 1.7 லிட்டர். இரண்டு பேரும் தெருவில் சாதாரணமாக நடந்து போவார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கும் கீழே இறங்கும்போதுதான் மாடிப்படியில் தெரியும், பிறகு சமதளத்தில், கடைசியில் குளிக்கும்போது.

அதற்குள் ஆளும் தன்னை மாற்றிக்கொண்டிருப்பார். ஆற்றங்கரை வரை நடந்தவர் கடைத்தெருவோடு நிறுத்திக்கொள்வார், சைக்கிளை விட்டுவிடுவார், கேட்டால் ‘வயசாயிடுச்சுல்ல’ என்பார். வீட்டிலும் அதையே சொல்வார்கள். எனக்கு இதில்தான் கோபம். அறுபது வயதில் அதே வயதுக்காரரோடு சேர்ந்து நடக்க முடியவில்லை என்றால் அது வயது இல்லை.

எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். அப்புறம் என்ன டெஸ்ட்?

ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகத்தான் இருக்கும். ஊதுகிற டெஸ்ட் எடுங்கள், ஸ்பைரோமெட்ரி என்பார்கள். மூக்கில் கிளிப் போட்டு, நிறைய இழுத்து, ஒரே மூச்சில் பலமாக ஊதி, நிறுத்தாமல் ஆறு வினாடியாவது ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ‘ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க’ என்று சத்தம் போடுவார், திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், மொத்தம் ஊதிய காற்றில் முதல் வினாடியில் வந்தது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அது சி.ஓ.பி.டி. என்று சொல்லும். அதில் எம்பைசிமா எவ்வளவு, எங்கே என்று காட்டுவது சி.டி. ஸ்கேன். புகையிலையால் வந்தது வழக்கமாக மேல்பகுதியில் அதிகம் இருக்கும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். பீடி பிடிக்கிறவர், நாற்பது தாண்டியவர், காலையில் இருமிச் சளி துப்புகிறவர் என்றால் இரைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தொற்றுமா? பேரனைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா?

தொற்றாது. படுக்க வைக்கலாம். பீடி பற்றவைக்கும்போது மட்டும் பேரன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பீடியை விட்டால் நுரையீரல் பழையபடி ஆகுமா?

ஆகாது. போன சுவர் போனதுதான், எந்த மருந்தும் அதைத் திரும்பக் கட்டாது. ஆனால் மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்: விட்டவருக்கு வருடத்துக்கு 60 மில்லி குறைவது, புகைக்காதவருக்குக் குறைகிற அளவுக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும். நாற்பதில் விட்டால் நிறைய மிச்சம், அறுபதில் விட்டால் கொஞ்சம் மிச்சம், ஆனால் அந்தக் கொஞ்சம்தான் தானே எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கும் இன்னொருவர் தூக்கிக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம். இந்த நோயில் வேறெந்தச் சிகிச்சையும் இந்த அளவுக்குச் சரிவை நிறுத்துவதில்லை.

விட்ட முதல் சில வாரம் இருமலும் சளியும் கூடலாம். ‘பிடிச்சப்ப நல்லாத்தான் இருந்தேன்’ என்று மறுபடி கட்டு வாங்கிவிடுவார்கள். புகையில் படுத்துக்கிடந்த குழாயின் நுண்மயிர்கள் எழுந்து சளியை மேலே தள்ள ஆரம்பிப்பதால் வருவது அது, தானே அடங்கும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம், நிகோடின் சூயிங்கமும் மருந்துக் கடையில் கிடைக்கும்.

பம்ப் பிடித்தால் பழகிவிடும், மாத்திரையே போதும் என்கிறார் அப்பா.

அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்பில் (வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர்) ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் கரைந்து உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்க, நெஞ்சு படபடக்கப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு பம்ப் நேராகப் போகிறது. பழகுவது என்றால், கண்ணாடி போட்டவர் கண்ணாடியை விட முடியாத மாதிரி தேவை இருக்கும்வரை தேவைப்படும், அது போதையில்லை.

பிரச்சினை பிடிக்கிற விதத்தில்தான். பம்பை நன்றாகக் குலுக்கி, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து, மெதுவாக ஆழமாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு விட வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகாவிட்டால் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். வயதானவர்களுக்கு நடுவில் ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டிக்கொள்வது நல்லது. கேப்சூல் போட்டு இழுக்கிற ரோட்டா ஹேலர் என்றால் நேர்மாறு, வேகமாகப் பலமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், பார்க்க மாத்திரை மாதிரியேதான் இருக்கிறது, யாரும் பிரித்துக் காட்டாமல் கையில் கொடுத்துவிட்டால் வேறென்ன செய்வார்கள்? ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியாவுக்கான தடுப்பூசியும் போடலாமா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை நெஞ்சில் கிருமி பிடித்துப் படுத்து எழுந்தாலும் நுரையீரல் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது.

ஆடாதோடை, தூதுவளை சாப்பிடலாமா?

ஆடாதோடை இருமல் மருந்துதான், சந்தேகமில்லை. சளியை இளக்க அலோபதியில் கொடுக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து வழிவந்தது. தூதுவளை ரசமும் வைத்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதம். இரண்டும் சுவரைக் கட்டித் தராது, பம்பை நிறுத்திவிட்டு இதை ஆரம்பிக்காதீர்கள். மூலிகையைக் கொளுத்திப் புகை பிடிக்கச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் புகைதான்.

தயிர், வாழைப்பழம், இளநீர் எல்லாம் நிறுத்திவிட்டோம். சரியா?

குளிர்ச்சி என்று சொல்லி நிறுத்தியதில் காற்றுப்பைக்கு ஒரு லாபமும் இல்லை. நோய் முற்றியவர்களுக்கு மூச்சு விடுவதற்கே நிறைய சக்தி செலவாகி உடம்பு இளைத்துப்போகும், தசையும் கரையும், மூச்சுத் தசையும் அதில் அடக்கம். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் வேண்டும். மூன்று வேளை வயிறு முட்டுவதற்குப் பதில் ஐந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாக.

நடந்தால் இரைக்கிறது. படுத்தே இருக்கச் சொல்லலாமா?

கூடாது. படுத்தால் கால் தசை தளரும், தளர்ந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கும், இன்னும் இரைக்கும், இன்னும் படுப்பார். தினமும் சமதளத்தில், வெயிலுக்கு முன், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில். இரைத்தால் நின்று உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விட்டுவிட்டு, மறுபடி. பலம் கொடுத்துச் செய்கிற வேலையின்போது, அதாவது எழும்போது, தூக்கும்போது, மூச்சை விடுங்கள். பிராணாயாமத்தில் மெதுவாக விடுவது நல்லது. கபாலபாதி மாதிரி வேகமாகத் தள்ளுவதும் மூச்சை அடக்கி வைப்பதும் வேண்டாம். மார்கழிப் பனியில் விடியற்காலை வேண்டாம், வெயில் வந்ததும் கிளம்புங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். கடைசிக் கட்டமா?

இல்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ தொடர்ந்து இருப்பவர்களுக்கு, தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1980, 81-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இரைக்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வதில் அந்தப் பலன் இல்லை. ஆக்சிஜன் குறைந்தே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, காலில் நீர் கோக்கும். அதைத் தள்ளிப்போடத்தான் இது.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் தயாரிக்கும் கான்சென்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐப்பசிக்கு முன்பே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். குழாய் மூக்கில் இருக்கும்போது அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, பீடி பற்றவைத்தால் முகமே எரிந்துவிடும்.

ஆபரேஷன் உண்டா?

சிலருக்கு உண்டு. மேல்பகுதியில் மிக மோசமான இடத்தை வெட்டி எடுத்தால் மிச்சமிருக்கும் நல்ல பகுதி விரிய இடம் கிடைக்கும். வெட்டாமல் குழாய்க்குள் ஒருவழி வால்வு வைத்துச் சுருக்குவதும் இருக்கிறது. கடைசியில் மாற்று நுரையீரல். யாருக்குப் பொருந்தும் என்பதைப் பல பரிசோதனைக்குப் பிறகுதான் சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் முதல் நிபந்தனை பீடியை விட்டிருக்க வேண்டும்.

எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், பம்ப் எடுத்தும் குறையாவிட்டால், திடீரென்று ஒரு பக்க நெஞ்சு குத்தி மூச்சடைத்தால் (பொந்து ஒன்று வெடித்து நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கலாம்), வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்து பேச்சு குழறினால் உடனே. சளி பச்சையாகி, இரைப்பு ஓரிரு நாளாகக் கூடிக்கொண்டே போனால் ஆம்புலன்ஸ் தேவையில்லை, ஆனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் ‘இவருக்கு சி.ஓ.பி.டி. இருக்கு’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள், சீட்டையும் பம்பையும் கையோடு கொண்டுபோங்கள். இவர்களில் சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வந்துவிடும், ரத்தத்தில் ஆக்சிஜனை 88 முதல் 92 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். கருவி 98 காட்டவில்லையே என்று பதறிப்போய் நீங்களாக ஃப்ளோவைத் திருகி ஏற்றாதீர்கள்.